இரண்டு கையும் ஒன்றுபோல் இல்லாத சட்டை

திருப்பூர்,
கார்த்திகை முதல் வாரம்.

அன்புள்ள அம்மணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முன்பாதி முழுவதும் தென்னையும் வெள்ளை ஈயும், பின்பாதி முழுவதும் நானும் என் சட்டையும். இரண்டில் எது உனக்கு அதிக வருத்தம் தந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

தென்னைக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை அகப்படவில்லை. வேர் வாடல் வந்த மரங்களை வெட்டிவிடச் சொல்கிறார்கள் என்கிறாய். உன் மாமனார் கையால் வைத்த மரத்தில் கோடாலி போட யாருக்கு மனம் வரும்? ஊடுபயிராக வைத்த ஜாதிக்காய் தலையெடுத்து நிற்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிதான் நிம்மதியாக இருந்தது. இங்கே, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது பெரிய கம்பெனிகளே கையைப் பிசைந்துகொண்டு நின்றன. நான் உள்ளூருக்குத் தைப்பவள், சின்னப் பட்டறைக்காரி, அந்த அடி என்மேல் நேராக விழவில்லை. ஏற்றுமதிக்கென்று ஓட்டிய நல்ல துணி கொஞ்ச நாள் மலிவாகக்கூடக் கிடைத்தது. வாங்கினேன். வாங்கும்போது விற்பவர் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

இனி என் சட்டை. காங்கேயம் கல்யாணத்தில் என்னைப் பார்த்துவிட்டு, "துணிக்கு டிசைன் போடுகிற பிள்ளைக்கு ஒரு பட்டுச்சேலை எடுக்க வழியில்லையா?" என்று உன் மாமியார் கேட்டார்களாம். அதிலும் இடது கை ஒரு மாதிரியும் வலது கை ஒரு மாதிரியும் தைத்த சட்டை. நீ என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் பாயசத்தைப் பார்த்தாயாம்.

பட்டுச்சேலை இருக்கிறது என்று சொல். சிறுமுகையில் நெய்த மென்பட்டு, அரக்கு நிறம், பீரோவில் இருக்கிறது. அன்று நான் போட்டிருந்தது சாம்பிள். வலது கையைத் தோள்மூட்டில் வைத்துத் தைத்திருந்தோம், வழக்கமான தையல். இடது கையைக் கழுத்திலிருந்தே சரிவாக இறக்கியிருந்தோம், ராக்லான் என்பார்கள். எது நன்றாக இருக்கிறது என்று பட்டறையில் எனக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் வாக்குவாதம். இரண்டு சட்டை தைத்து இரண்டு நாள் போட்டுப் பார்த்தால் ஒப்பிட முடியாது. ஒரு நாள் வெயில் இருக்கும், ஒரு நாள் இருக்காது. ஒரே சட்டையில் இரண்டு கையையும் வைத்துவிட்டால் ஒரே உடம்பு, ஒரே வியர்வை, ஒரே பஸ் கம்பி. டம்மிப் பொம்மையில் மாட்டினால் எல்லாச் சட்டையும் அழகாகத்தான் இருக்கும். பொம்மை கையைத் தூக்காது, பந்தியில் உட்காராது, மூன்றாவது முறை சோறு வாங்காது. இடுப்பு ரிப், அந்த இழுபடும் பட்டி, எப்படி நடந்துகொள்கிறது என்பது சாப்பிட்டு எழுந்தால்தான் தெரியும். அந்த வகையில் அன்றைய பந்தி எனக்கு மிகவும் உபயோகமாக இருந்தது. இடது கைதான் வென்றது. மாஸ்டர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

"உன் ஸ்டைல் என்ன?" என்று நீ கேட்டதற்கு நேர்மையான பதில் இதுதான்: அடுத்து விற்கப்போவதை இன்று நான் போட்டுக்கொண்டிருப்பேன், பெரும்பாலும் பாதி முடிந்த நிலையில். மற்றபடி சாயம் போடாத சாம்பல் வெள்ளைக் குர்த்தா, பக்கத்துக்கு ஒரு பை, கல் வைக்காத தோடு. கல் வைத்த மோதிரத்தை நான் போடுவதில்லை என்பதை நம் பக்கத்துப் பெண்கள் பெரிய துறவாக எடுத்துக்கொள்கிறார்கள். துறவெல்லாம் இல்லை. நிட்டிங் துணி, அதாவது பின்னல் துணி, முழுக்கக் கண்ணிதானே. மோதிரக் கல் ஒரு கண்ணியை மாட்டி இழுத்தால் அந்த இடத்தில் கோடு விழுந்துவிடும், அப்புறம் அது செகண்ட்ஸ், குறைச் சரக்கு. நாள் முழுக்கத் துணியைத் தடவிக்கொண்டிருப்பவளுக்கு மோதிரம் வீண் செலவு.

பனியன் துணி என்றால் நம் ஊரில் இன்றும் உள்ளே போடுவது என்றுதான் எண்ணம். அதில் தைத்ததைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனதுதான் உன் மாமியாருக்கு உறுத்தியிருக்கும். பாரிஸிலும் இப்படித்தான் இருந்திருக்கிறது. ஜெர்சித் துணி, அதாவது நம் பனியன் துணி, என்றால் ஆண்களின் உள்ளாடைக்கு. முதல் உலகப் போரில் துணித் தட்டுப்பாடு வந்தபோது கோகோ ஷனேல் என்ற டிசைனர் ரோடியே என்ற ஆலைக்காரரிடம் ஜெர்சியை வாங்கி, இடுப்பை இறுக்கிக் கட்டிப் பழகிய சீமாட்டிகளுக்குக் கவுனும் கோட்டுமாகத் தைத்துக் கொடுத்தார். தான் தைத்ததைத் தானே போட்டுக்கொண்டு நடமாடியவர் அவர். அவரே அவர் கடையின் விளம்பரம். (இரண்டாம் உலகப் போரில் அந்த அம்மாள் நடந்துகொண்ட விதம் வேறு கதை, அதை நான் மெச்ச மாட்டேன். தையலை மட்டும் மெச்சுகிறேன்.) 2025 செப்டம்பரில் காலமான இத்தாலிய டிசைனர் ஜார்ஜியோ ஆர்மானியும் ஷோ முடிந்து மேடைக்கு வரும்போது பெரும்பாலும் ஒரு கருநீல டிசர்ட்டில்தான் வருவார். உலகத்துக்கெல்லாம் கோட்டுத் தைத்த மனிதர் தனக்கு வைத்துக்கொண்டது நம் ஊர்ச் சரக்கு மாதிரி ஒன்றை. உன் மாமியாரிடம் இதையும் சொல்லிப் பார். எடுபடாது என்று எனக்குத் தெரியும்.

உன் மகளுக்கு ஃபேஷன் படிக்க ஆசை, "அத்தை எப்படி டிசைன் போடுகிறாள், முதலில் என்ன வரைகிறாள்?" என்று கேட்கிறாள் என்று எழுதியிருந்தாய். முதலில் நான் எதையும் வரைவதில்லை. படங்களை வெட்டி ஒட்டிய பலகை ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டு அதன் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்காருவதை நான் கல்லூரியில் செய்தேன், இப்போது செய்வதில்லை. பிறர் ஏற்கெனவே முடித்துவிட்ட வேலையின் படங்கள் அவை. அவற்றிலிருந்து கிளம்பினால் அவற்றுக்கே போய்ச் சேருவேன்.

துணி வரும். உருளையில் இறுக்கிச் சுற்றி வந்த துணியை மேசையில் பிரித்துப் போட்டு ஒரு நாள் விட்டுவிடுவோம். இழுபட்டது சுருங்கித் தன் அளவுக்கு வரட்டும். பிறகு வட்டக் கத்தியால் 100 சதுர செ.மீ. வெட்டி எடை போடுவேன். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) என்று சொல்லி வந்தது 165 நிற்கும், அதற்கு ஒரு சண்டை. அதன்பின் ஒரு துண்டைத் துவைப்பேன். நன்றாகத் துவைப்பேன். என் டிசைன்களில் பாதிக்குமேல் துவைத்த பிறகு பிறந்தவை.

ஒன்றை விரிவாகச் சொல்கிறேன், பாப்பாவுக்குப் படித்துக் காட்டு. புது டிசர்ட்டை நாலு முறை துவைத்தபின் பக்கத் தையல் திரும்பிக்கொண்டு தொப்புளை நோக்கி வருவதைப் பார்த்திருப்பாய். தைத்தவன்மேல் பழி போடுவார்கள். அவன் நேராகத்தான் தைத்திருப்பான். நூலை முறுக்கித்தானே நூற்கிறார்கள். ஒற்றை அடுக்காகப் பின்னிய சிங்கிள் ஜெர்சியில் அந்த முறுக்குத் தண்ணீர் பட்டதும் அவிழப் பார்க்கிறது, கண்ணிகளை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுகிறது, தையலும் கூடவே நகர்கிறது. இரட்டைப் புரி நூல் போட்டால் குறையும், விலை ஏறும். இரட்டை அடுக்காகப் பின்னும் இன்டர்லாக் ஓட்டினால் திரும்பாது, ஆனால் கனமாகிவிடும். ஏற்றுமதிக் கம்பெனியில் நான் வேலை பார்த்தபோது இதைக் குறை என்றே படித்தேன். இத்தனை சதவீதத்துக்கு மேல் திரும்பினால் சரக்குத் திரும்பி வந்துவிடும்.

அப்பா போட்ட வெள்ளைப் பனியனை எண்ணிப் பார். கல்லில் அடித்து, வெயிலில் காய்ந்து, வருடக்கணக்கில் உழைத்தது. அதில் தையல் திரும்பிப் பார்த்திருக்கிறாயா? பார்த்திருக்க முடியாது. அதில் பக்கத் தையலே கிடையாது. மெஷினிலிருந்து துணி குழாயாக இறங்கும். நெஞ்சளவுக்கு ஏற்ற டயாவில் (குழாயின் விட்டத்தில்) ஓட்டி, குழாயை அப்படியே உடம்பாக வைத்துக் கழுத்தும் கையும் மட்டும் வெட்டினார்கள். கண்ணி அதிலும் சாயத்தான் செய்யும், காட்டிக்கொடுக்கத் தையல் இல்லை. இது தலையில் ஏறியதும் எனக்கு இரவெல்லாம் தூக்கம் போயிற்று. அப்புறம் இரண்டு வழியில் போனேன். ஒன்று, பழைய பனியன் போலவே குழாயை வெட்டாமல் வைத்துக்கொண்டு பெண்களுக்கான நீளச் சட்டை. இன்னொன்று, தையலை நானே வேண்டுமென்று சாய்த்து வைப்பது: அக்குளில் கிளம்பி முன்பக்கமாக வளைந்து முழங்காலுக்குமேல் முடிகிற தையல். துவைக்கத் துவைக்க இன்னும் கொஞ்சம் சாயும், அதைக் குறை என்று யாரும் கொண்டுவர முடியாது. மாஸ்டருக்கு முதலில் இது பிடிக்கவே இல்லை. சென்னிமலைக்காரர், தறிக் குடும்பம்; பாவும் ஊடையும், நெடுக்கு நூலும் குறுக்கு நூலும், நேர்கோணத்தில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவருக்குக் கோணல் என்றால் உடம்பு கூசும். "துணியைத் திருத்துவதுதான் வேலை, அதற்குத் தாளம் போடுவதா வேலை?" என்றார். பேட்டர்னை, அதாவது வெட்டும் அளவுத் தாளை, மட்டும் ஒரு மயிரிழை பிசகாமல் வெட்டிக் கொடுத்தார்.

குழாய் என்றதும் இஸ்ஸே மியாக்கேயைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜப்பான்காரர், ஹிரோஷிமாவில் பிறந்தவர், 2022-ல் காலமானார். ஒரே குழாயாக நிட்டிங் செய்த துணிக்குள்ளேயே சட்டை, பாவாடை எல்லாம் அடங்கியிருக்கும்படி 1990-களின் இறுதியில் செய்துகாட்டினார். வாங்குகிறவர் கோட்டைப் பார்த்துக் கத்தரியால் வெட்டிக்கொண்டால் போதும், தைக்க வேண்டாம். அவருடைய மடிப்புத் துணிகள் இன்னும் பிரபலம். ஊரெல்லாம் துணியை மடித்துவிட்டுத் தைப்பார்கள். அவர் இரண்டு மூன்று மடங்கு பெரிதாகத் தைத்துவிட்டு, பிறகு காகிதங்களுக்கு நடுவில் வைத்துச் சூட்டில் மடிப்பேற்றினார். வரிசையை மாற்றிப் போட்டார், அவ்வளவுதான். அவர் துணி பாலியஸ்டர், நம் வெயிலுக்கு ஆகாது. ஆனால் அந்த வரிசை மாற்றத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமையாக இருக்கிறது.

நிறம் பற்றியும் கேட்டிருந்தாய். ஏன் எப்போதும் சாம்பல் வெள்ளை, இளம் மஞ்சள், மங்கிய பச்சை, ஒரு கறுப்புகூட இல்லையே என்று. ரசனை என்று சொல்லித் தப்பித்துவிடலாம். எங்கள் சித்தப்பாவின் காடு ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்தது உனக்குத் தெரியும். பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டிய அணையில் சாயத் தண்ணீர் நின்றது. திறந்துவிட்டாலும் கேடு, தேக்கி வைத்தாலும் கேடு. 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டபோது ஊரே வேலை இழந்து நின்றதையும் பார்த்தேன், அதற்கு முன்னால் சித்தப்பா தென்னையை விட்டுவிட்டு நின்றதையும் பார்த்தேன். இப்போது பட்டறைகள் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துகின்றன, உப்பு மட்டும் மூட்டை மூட்டையாக மிஞ்சுகிறது. பருத்தியில் நிறம் எவ்வளவு ஆழமோ சாயத்தில் அவ்வளவு உப்புப் போட வேண்டும். அதனால் வெளிர் நிறத்தில் ஆரம்பிக்கிறேன். கறுப்புக் கேட்டு வருகிறவர்களை வேறு கடைக்கு அனுப்பிவிடுகிறேன். வியாபாரத்துக்கு இது நல்லதல்ல என்று என் வீட்டுக்காரர் மாதம் தவறாமல் சொல்கிறார்.

பைகளை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அம்மிச்சி பின்கொசுவம் வைத்துக் கட்டி இடுப்பில் சுருக்குப்பை செருகியிருப்பாளே, ஊசி இல்லாமல், பின் இல்லாமல், நாற்று நட்டுக் குனிந்து நிமிர்ந்தாலும் எதுவும் அவிழாது, எதுவும் விழாது. அதற்குப் பின் வந்த பெண்களின் உடையில் பையை யார் பிடுங்கினார்கள் என்று தெரியவில்லை. என் சட்டையில் போன் வைத்தால் இழுபடாத பை இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு துண்டு நெசவுத் துணி கொடுத்திருக்கிறேன், நிட்டிங் மட்டும் என்றால் தொங்கிவிடும். சென்னிமலைப் போர்வைத் துணியின் பிட் அது. வெளியே தெரியாது.

பவானி ஜமக்காளத்தில் ஒரு மேலங்கி முயன்றுகொண்டிருக்கிறேன். அதில் ஊடைதான் நிறம் காட்டும், பாவு உள்ளே ஒளிந்துவிடும், ஆகவே பட்டை குறுக்கே ஓடும். நெடுக்காக வேண்டுமென்றால் துணியைத் திருப்பி வெட்ட வேண்டும், அகலம் போதாது. குழித்தறியில் உட்கார்ந்திருந்த பெரியவர், "உட்காருவதற்கு நெய்ததை மாட்டிக்கொள்ளப் போகிறாயா?" என்று சிரித்தார். கனமும் அதிகம். முடிந்தால் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், முடியாவிட்டால் அதில் திண்ணைக்கு மெத்தை உறை தைத்துவிடுவேன்.

பாப்பா அரைப் பரீட்சை லீவில் இங்கே வரட்டும். வரைபட நோட்டு வேண்டாம், கால் வலிக்காத செருப்பு வேண்டும். மாஸ்டர் பக்கத்தில் நின்று மார்க்கர் போடுவதை, பேட்டர்ன்களைத் துணி அகலத்துக்குள் அடுக்குவதை, பார்க்கட்டும், துணியில் எவ்வளவு வீணாகிறது என்பது அங்கேதான் தெரியும்.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். சாய்ந்த தையல் சட்டை, இரண்டு உருப்படி. ஒன்று உனக்கு, ஒன்று உன் மாமியாருக்கு. அவர்களுடையதில் பை பெரிதாக வைத்திருக்கிறேன், வெற்றிலைப் பெட்டி கொள்ளும். உங்கள் போர் தண்ணீர் உப்பு என்பாயே, அதில்தான் துவைக்க வேண்டும், கல்லில் அடித்து, நிழலில் போடாமல் நல்ல வெயிலில். தை பிறந்ததும் தையல் எந்த இடத்தில் நிற்கிறது என்று அளந்து எழுது. இடுப்பிலிருந்து எத்தனை விரல் என்று சொன்னாலே போதும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி