மலையேறியதும் கரும்புகை கக்கிய கார்: தங்கள் சர்வீஸ் மீது புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், உதகமண்டலம்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: செய்யாத வேலைக்குப் பில் போட்டது, போலிப் புகைச் சான்றிதழுக்கு வழி சொன்னது தொடர்பாக.

ஐயா,

என் அப்பா 1996இல் வாங்கிய மாருதி 800, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டி. அவர் தவறிய பிறகு நான்கு வருடம் ஷெட்டிலேயே நின்றது. ஆர்.சி. புதுப்பிக்கப் புகைச் சான்றிதழ் தேவைப்பட்டதால் தங்கள் மேட்டுப்பாளையம் கிளையிடம் ஒப்படைத்தேன். ஊட்டியில் ஓடும் வண்டி, ஊட்டியில்தான் சோதனைக்குக் காட்டுவேன் என்று முதல் நாளே சொன்னேன். ஒன்பது நாள் கழித்து 11,400 ரூபாய் பில்லோடு திருப்பித் தந்தார்கள். டேங்க் சுத்தம், கார்புரேட்டர் சர்வீஸ், புது ஏர் ஃபில்டர், பிளக், புகைச் சோதனைக்கான டியூனிங் எல்லாம் அதில் இருந்தது.

கல்லாறு வரை வண்டி நன்றாகத்தான் வந்தது. பர்லியாறு தாண்டியதும் இழுக்கவில்லை. குன்னூரை நெருங்கும்போது பின்னால் ஒரே கரும்புகை. மறுநாள் ஊட்டியில் சோதித்தால் கார்பன் மோனாக்சைடு 5.2 சதவீதம். 1996 காலத்து வண்டிக்கு விதி அனுமதிப்பது 3 சதவீதம்.

போன் செய்தேன். "பழைய இன்ஜின் சார், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிருக்கும், மாத்த 18,000 ஆகும்" என்றார் தங்கள் ஊழியர். புகையைச் சுத்திகரிக்கும் அந்தக் கன்வெர்ட்டரே இந்த வண்டியில் கிடையாது. ஒன்பது நாள் கையில் வைத்திருந்தவர்களுக்கு இது தெரியவில்லை.

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அடிவாரத்தைவிட இங்கே காற்றின் அடர்த்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. புது வண்டிகளில் சென்சார் பார்த்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது; கீழே திருகி வைத்த அளவிலேயே ஊற்றும். காற்று போதாமல் பெட்ரோல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடுதான் வரும். மலை வண்டிகளை வாங்கி வேலை பார்ப்பவர்கள் இதை யோசித்திருக்க வேண்டாமா?

இங்குள்ள மெக்கானிக் திறந்து பார்த்தார். கார்புரேட்டருக்குக் காற்று வரும் வழியை மூடும் சோக்கின் கேபிள் துருப்பிடித்து, சோக் பாதி மூடியபடியே நின்றிருக்கிறது. ஏர் ஃபில்டர் பழையதேதான். அதன் ஓரத்தில் அப்பா பேனாவால் எழுதிய தேதி, 12-3-2019. எதை மாற்றினாலும் தேதி எழுதி வைப்பது அவர் வழக்கம். அதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. புது ஃபில்டர் போட்டு, கேபிளை மாற்றி, இன்ஜினைச் சூடாக்கி, பெட்ரோல் கலவையின் அளவை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூவைச் சரிசெய்தார். மறுபடி சோதித்தால் கார்பன் மோனாக்சைடு 2.3 சதவீதம். செலவு 1,450 ரூபாய்.

பணத்தைவிட என்னை நோகடித்தது வேறு. "நம்பர் பிளேட் போட்டோ மட்டும் அனுப்புங்க, வண்டி வராமலே சான்றிதழ் எடுத்துத் தர்றோம்" என்றும் அதே ஊழியர் சொன்னார். ஏற்றத்தில் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது அந்தப் புகையைச் சுவாசிப்பது பின்னால் வரும் பைக்காரரும், ஓரமாக நடந்து போகும் பள்ளிப் பிள்ளைகளும்தான். எனக்குத் தேவை தாள் அல்ல, புகைக்காத வண்டி.

ஏர் ஃபில்டருக்கும் கார்புரேட்டர் சர்வீஸுக்கும் டியூனிங்குக்கும் வாங்கிய பணத்தையும், இங்கே நான் செலவழித்த 1,450 ரூபாயையும் 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வண்டியைச் சோதிக்காமல் சான்றிதழ் எடுத்துத் தரும் பழக்கம் அந்தக் கிளையில் இருக்கிறதா என்று விசாரித்து எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும். தவறினால் நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

தங்கள் பில், இரண்டு சோதனைச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களையும் பழைய ஃபில்டரின் படத்தையும் இணைத்துள்ளேன். ஃபில்டர் என்னிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்