ராஜினாமாவுக்கு முன் ஒரு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்க, பெரியவர்கள் மட்டும் ஊரில் இருக்கும் வீடுகள் செட்டிநாட்டில் ஏராளம். அவர்களில் ஒருவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டால் மகன் பணம் அனுப்புகிறார். உள்ளூரில் இருக்கும் மகளோ மருமகளோ வேலையை விடுகிறார். அனுப்பிய பணத்துக்குக் கணக்கு உண்டு. விட்ட சம்பளத்துக்கு இல்லை.

"அரைநாள் வேலைக்காவது போகலாமே" என்கிறார்கள். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வைக்கும். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றினால், அதன்பிறகும் அரை மணி நேரம் தலைமாட்டை உயர்த்தியே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எதுக்களித்து நுரையீரலுக்குள் போய்விடும். இதற்கிடையே ஓலைக் கொட்டான் முடையலாம், முறுக்குச் சுற்றலாம். பள்ளிக்கூடத்துக்கோ ஜவுளிக்கடைக்கோ போய்வர முடியாது. மாதச் சம்பளக்காரர் உருப்படிக் கூலிக்கு இறங்குவது இப்படித்தான்.

2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15–59 வயதுப் பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டாரைப் பராமரிக்கிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதம். ஈடுபடுவோர் செலவிடும் நேரம் நாளுக்குச் சராசரியாகப் பெண்களுக்கு 140 நிமிடம், ஆண்களுக்கு 74.

சம்பளத்தைவிடப் பெரிய நஷ்டம், சர்வீஸ் முறிவது. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) பொதுவாக 5 ஆண்டுத் தொடர் பணி வேண்டும், பி.எஃப். ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு. எட்டாம் ஆண்டில் விலகி ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துவிட்டால், பிறகு நான்கு ஆண்டு வேலை பார்த்தாலும் ஓய்வூதியம் கிடையாது. அவசரச் செலவுக்கென்று முதலில் கைவைப்பது இதில்தான். எடுக்காமல் படிவம் 10சி கொடுத்து, அதுவரை பார்த்த சர்வீஸுக்குச் சான்றான ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்தால் அந்த எட்டும் நான்கும் சேரும். அதைவிட நல்லது, ராஜினாமாவுக்குப் பதில் சம்பளமில்லா விடுப்பை எழுத்தில் கேட்பது. அனுமதித்த விடுப்பால் பணிக்கொடைக்கான தொடர்ச்சி முறியாது. முதலாளிகளும் தர மனம் வைக்க வேண்டும், பழகிய ஆள் கைவிட்டுப் போகாது.

2023 முதல் வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வீட்டு வேலையை மதித்த வகையில் நல்லதே. ஆனால் போன சர்வீஸ் அதில் திரும்பாது. காரைக்குடி மாநகராட்சி முதியோருக்கு ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையம் தொடங்கலாம். குழாய் உணவு கொடுக்கத் தெரிந்த செவிலியர் ஒருவர், தூக்கி இறக்க இருவர், போய்வர ஒரு வண்டி அவசியம். அலுவலக நேரம் போல பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்குப் பூட்டினால், கடையில் நிற்கும் பெண்களுக்கு அது உதவாது.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி