பைக்கில் ஏர் ஹாரனா? முதலில் ஒயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏர் ஹாரன் பறிமுதல் என்றாலே அது பெரும்பாலும் பஸ், லாரிகளில்தான். ஸ்பேர்ஸ் கடையில் வாங்கி பைக்கிலும் காரிலும் மாட்டும் ஹாரன்களை யாரும் கண்டுகொள்வதில்லை. காது கிழிவது எல்லோருக்கும் தெரிகிறது. உள்ளே ஒயரிங் கருகுவது வண்டி நடுவழியில் நின்ற பிறகுதான் தெரியவருகிறது.

பைக்கோடு வரும் ஹாரன் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கம்ப்ரசர் வைத்த ஏர் ஹாரன் 15 ஆம்பியர் வரை இழுக்கும். 12 வோல்ட்டில் அது 180 வாட். 35 வாட் ஹெட்லைட் ஐந்தை ஒன்றாக எரிப்பது போல. இதைப் பழைய ஹாரன் ஒயரிலேயே சொருகினால் ஹேண்டில்பார் சுவிட்சின் காண்டாக்ட் கருகும். பிறகு ஃப்யூஸ் போகும். இங்கேதான் வினை. அடிக்கடி போகிறதே என்று ஃப்யூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். அதன்பின் உருகுவது ஒயர்தான். டேங்குக்கு அடியில் எல்லா ஒயரும் ஒரே கட்டாகப் போகின்றன; ஒன்று உருகினால் பக்கத்து ஒயரும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். மேலே பெட்ரோல்.

உண்மையில், சத்தம் போதவில்லை என்பவர்களில் பலருக்குப் பழைய ஹாரனே போதும். ஹாரன் அடித்துக்கொண்டே அதன் இரு முனைகளிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்து ஹாரனுக்கு 10.5தான் வருகிறதென்றால் குறை சுவிட்சிலோ, ஒயர் முனையில் இருக்கும் லக் என்ற உலோகக் கவ்வியிலோ, வண்டியின் உடம்போடு சேரும் எர்த் இணைப்பிலோ இருக்கிறது. லக்கில் பச்சை பூத்திருந்தால் எமரி தாளால் தேய்த்து, பிளேயரால் லேசாக நெருக்கி மாட்டுங்கள். வோல்டேஜ் சரியாக வந்தும் கரகரத்தால் பின்புறத் திருகைக் கால் சுற்று மட்டும் திருப்பிப் பார்க்கலாம். ஒரேயடியாக இறுக்கினால் உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பாயிண்ட் திறக்காமல் நின்றுவிடும்; சத்தமும் வராது, கம்பிச் சுருளும் சூடேறிக் கருகும். ஹாரனின் உடம்பு எதிலும் உரசக் கூடாது. வாய் சற்றே கீழ்நோக்கி இருந்தால் மழைத் தண்ணீர் தங்காது.

இரண்டு போட்டால் இருமடங்கு சத்தம் என்பதும் தப்புக் கணக்கு. ஒரே அளவுள்ள இரண்டு ஹாரன் சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும்.

காரில் தரச்சான்று பெற்ற விண்டோன் (நத்தை வடிவ) ஹாரன் ஜோடி மாற்றுவதானால் நான்கு முனை ரிலே ஒன்று அவசியம்; சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. பழைய ஹாரனுக்கு வந்த இரண்டு ஒயரையும் ரிலேயின் 85, 86 முனைகளில் கொடுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர் எடுத்து, 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 30-ல் கொடுங்கள். 87-லிருந்து ஹாரன்களுக்கு. ஹாரன்களின் மறுமுனை நல்ல எர்த்துக்கு. பெயின்ட் மேல் முடுக்கிய எர்த் எர்த்தே அல்ல. ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளிப் போட்டால் இடைப்பட்ட ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை. புது வண்டிகளில் ஒயரை வெட்டாமல் கப்ளர் (சொருகும் இணைப்பு) வைத்தே இணையுங்கள். வெட்டினால் வாரண்டி மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

பல சுதியில் மாறி மாறி ஒலிப்பதையும் கூச்சலாக அலறுவதையும் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி 119 தடை செய்கிறது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படுகிறது. தேவையில்லாமல் ஹாரன் அடித்தாலே முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் யானை சாலையில் நின்றால் எந்த ஹாரனையும் தொடவே கூடாது. மிரண்டால் வண்டியைத்தான் தேடி வரும்.

சாலையில் வண்டியை மடக்கிக் கழற்றுவது ஒருபக்கம் நடக்கட்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் கடைகளில் பல சுதி ஹாரன்கள் வெளிப்படையாகவே தொங்குகின்றன. வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் அங்கேயும் ஆய்வு செய்ய வேண்டும். சட்டப்படியான ஹாரன் விற்கும்போது ரிலேயும் ஃப்யூஸ் ஹோல்டரும் சேர்த்தே கொடுக்கும்படி கடைக்காரர்களுக்குச் சொல்லலாம். பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.

இப்படிக்கு,
வாகன எலெக்ட்ரீஷியன்கள் சிலர்,
தருமபுரி