கால் நீட்ட மறுத்தவன்

ரங்கூன், 4-5-2025

அன்புள்ள நண்பா,

பூகம்பத்துக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லையே என்று கோபித்திருக்கிறாய். நியாயம்தான். மார்ச் 28 மத்தியானம் இங்கே விளக்குகள் ஆடியதோடு சரி. அடி முழுக்க மாண்டலே, சகாயிங் பக்கம். 7.7 அளவு என்றார்கள். எங்கள் பங்குக் கோயிலில் அரிசி, பாய், குடிதண்ணீர் எல்லாம் திரட்டி அனுப்பினோம். கணக்கு எழுதியது நான். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நன்றி சொன்னபோது எல்லார் பேரும் வந்தது, என் பேரைத் தவிர. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? மூன்று நாள் சோறு இறங்கவில்லை. தாழ்ச்சியைப் பற்றி ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளுக்கு இருபது வருஷமாகப் பாடம் எடுப்பவனும் நானேதான்!

இந்த வருஷம் ஒரு விசேஷம். ஏப்ரல் 17, பர்மியப் புது வருஷமும் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனும் ஒரே நாளில் வந்தன. திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவில் தண்ணீர் கொட்டி முடித்த மறுநாள், இளசுகள் கிழடுகளை உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றி, நகம் வெட்டிவிடுவார்களே, உனக்கு நினைவிருக்கும். தயோ மரப்பட்டையோடு கின்புன் காயைக் கொதிக்கவைத்த தண்ணீர். கின்புன் வேறொன்றுமில்லை, நம் சீயக்காய்தான். எங்கள் தெருமுனையில் பத்துப் பதினைந்து பையன்களும் பெண்களும் பெஞ்சு போட்டுவிட்டார்கள். பூகம்ப துக்கத்தில் பாட்டு, கூத்து இல்லை. இது மட்டும் நடந்தது. காலையில் ரொட்டி வாங்கப் போன என்னை, "தாத்தா, வந்து உட்காருங்க" என்று பர்மியில் கூப்பிட்டார்கள். "நான் கிறிஸ்தவன்" என்று சொல்லி நழுவினேன். அவர்கள் மதமா கேட்டார்கள்? எனக்கு வெட்கம், அவ்வளவுதான். ஒரு சின்னப் பையன் முன்னால் தலையைக் குனிவதா என்று.

சாயங்காலம் பூசையில், இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துப் பாதம் கழுவும் சடங்கு. பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். (நாங்கள் அத்தனை பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, பவுடர் பூசி வந்தவர்கள். பங்குச் சாமியாருக்குக் கழுவ அழுக்கு எங்கே இருந்தது?) அன்றைய வாசகத்தில், நீர் என் காலைக் கழுவவே கூடாது என்று சீடர் பேதுரு இயேசுவிடம் அடம்பிடிக்கிற இடம் வந்தது. அத்தனை வருஷம் அதைப் பணிவு என்றே நினைத்திருந்தேன். அன்று காலை ரொட்டிப் பையோடு நழுவிய என் முகம்தான் பேதுருவுக்கும் இருந்திருக்கும் என்று தோன்றியது.

நாலே நாளில், ஈஸ்டருக்கு மறுநாள், பாப்பரசர் பிரான்சிஸ் போய்விட்டார். 2017 நவம்பரில் சைக்கசான் மைதானப் பூசைக்கு விடியுமுன்னே போய் அவரைத் தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாகப் பார்த்ததை உனக்கு எழுதியிருந்தேன். பெரிய வியாழனன்று கைதிகளின் பாதம் கழுவுவது அவர் வழக்கம். இந்த வருஷமும் நோயோடு ரோமிலுள்ள ரெஜினா சேலி சிறைக்குப் போனார். இம்முறை என்னால் கழுவ முடியவில்லை, ஆனாலும் உங்கள் பக்கத்தில் இருக்க ஆசைப்படுகிறேன் என்றாராம். முடியவில்லை என்று கைதிகளிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்குமா?

சரி, கதையை முடிக்கிறேன். போன வாரம் சந்தையில் தயோ கின்புன் ஒரு கட்டு வாங்கிக்கொண்டுபோய் அந்தப் பையன்களிடமே கொடுத்தேன். சிரித்தார்கள். புது வருஷம் போய்விட்டதே என்றான் ஒருவன். இருந்தாலும் மாடிப்படியில் உட்காரவைத்து ஊற்றினான். காதெல்லாம் தண்ணீர். முடிந்ததும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் ஆயிரம் கியாட் தாளை எடுத்தது. அவன் முகம் சுருங்கிவிட்டது. பார்த்தாயா, அப்போதும் கணக்கைத் தீர்த்துவிடத்தான் பார்த்தேன். நோட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு நின்றேன், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மருமகளைக் கிட்டவே விடுவதில்லை, யாருக்கும் பாரமாக இருக்கமாட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். அந்தப் பெண் வெந்நீர் கொண்டுவந்தால் காலை நீட்டு. காசு மட்டும் கொடுத்துவிடாதே.

அப்புறம், போன தடவை அனுப்புவதாகச் சொன்ன மூக்குப்பொடி இன்னும் வந்து சேரவில்லை.

உன் பழைய கூட்டாளி