டார்சி விட்டாச்சியை முதலாம் ஆண்டிலேயே படிப்பியுங்கள்

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இதழியல் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் பத்திரிகையாளர் டார்சி விட்டாச்சியை வாசித்திருப்பார்கள்? தமிழ்ப் பிள்ளைகளில் சிலருக்கு, 1958 இனக் கலவரத்தைப் பற்றி அவர் எழுதிய ‘எமர்ஜென்சி 58’ என்ற புத்தகத்தின் பெயர் தெரிந்திருக்கும். அதுவும், சிங்களவரும் தமிழரும் பிரிந்துபோகும் இடத்துக்கு வந்துவிட்டார்களா என்று அந்தப் புத்தகம் கேட்கும் கேள்வியை மேடையில் யாரோ சொல்லிக் கேட்டதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வியைத் தமிழர் நாங்கள் எங்கள் வசதிக்கேற்ற விடையாக மாற்றிக்கொண்டோம், சிங்களப் பக்கத்தில் புத்தகத்தையே மறந்துவிட்டார்கள். இரண்டுமே அந்த மனிதருக்குச் செய்த அநியாயம் என்பது என் எண்ணம்.

1834இல் தொடங்கிய ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகைக்கு முப்பது வயதுகளின் தொடக்கத்திலேயே ஆசிரியரானவர் அவர். கலவரத்துக்கு நடுவே 1958 மே 27ஆம் திகதி அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டு பத்திரிகைத் தணிக்கையும் வந்தபோது, தன் பத்திரிகையிலேயே அச்சிட முடியாமல் போனதையெல்லாம் புத்தகமாக எழுதி அதே ஆண்டில் லண்டனில் வெளிக்கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு மகசேசே விருது கிடைத்தது. மிரட்டலும் கூடவே வந்தது, நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

வகுப்பில் எடுக்கப் பாணந்துறைச் சம்பவம் ஒன்றே போதும். மட்டக்களப்பில் படிப்பித்த பாணந்துறை ஆசிரியை ஒருவரைத் தமிழர்கள் சித்திரவதை செய்துவிட்டார்கள் என்று ஊரில் கதை பரவுகிறது. கூட்டம் கந்தசுவாமி கோயிலுக்குப் போய் அதைக் கொளுத்தப் பார்க்கிறது, முடியவில்லை என்றதும் ஐயரை வெளியே இழுத்து உயிரோடு எரிக்கிறது. பாணந்துறையைச் சேர்ந்த எந்த ஆசிரியையும் மட்டக்களப்பில் வேலை பார்க்கவில்லை என்று கல்வி அமைச்சு சொன்னது பிறகுதான். யோசித்துப் பாருங்கள், ஆசிரியர் பட்டியலை ஒருதரம் புரட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் விசயம். வாட்ஸ்அப் வதந்தியை எப்படிச் சரிபார்ப்பது என்று பட்டறைக்கு மேல் பட்டறை வைக்கிறீர்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் வெளிநாட்டுக் கையேட்டில் எங்கே இருக்கிறது? அதே நாட்களில் கும்பல்கள் தெருவில் ஆட்களை மறித்து, தமிழரா என்று பார்க்கச் சிங்களப் பத்திரிகையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் படித்து வளர்ந்து சிங்களம் வாசிக்கத் தெரியாத சிங்களவர்களுக்கும் அடி விழுந்தது!

சரி, அப்புறம் அவர் என்ன ஆனார்? இதைத்தான் யாரும் பேசுவதில்லை. ஊரை விட்டு வந்ததையே சொல்லிக்கொண்டு காலம் தள்ளும் ஆள் அல்ல அவர். சர்வதேசப் பத்திரிகை நிறுவனத்துக்காக ஆசியப் பத்திரிகைகளோடு வேலை செய்தார், மணிலாவில் ஆசியப் பத்திரிகை அறக்கட்டளையை உருவாக்கியவர்களில் ஒருவரானார், பிறகு ஐ.நா. சனத்தொகை நிதியம், கடைசியில் 1980களில் ஐ.நா.வின் சிறுவர் நிதியமான யுனிசெஃபின் துணை நிர்வாக இயக்குநர். ஜேம்ஸ் கிராண்ட் தலைமையில் யுனிசெஃப் தடுப்பூசியையும் உப்பு சர்க்கரைக் கரைசலையும் ஊர் ஊராகக் கொண்டுபோன காலம் அது. 1985இல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த எல் சல்வடோரில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காக இரண்டு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்களே, அந்தக் காலம்தான். இப்படியான வேலையில் பாதி, அரசுகளையும் பத்திரிகைகளையும் பேசிப் பேசிச் சம்மதிக்க வைப்பது. அதற்கு ஒரு பத்திரிகைக்காரர் தேவைப்பட்டதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அவரைப் புகழ்ந்துவிட்டு மட்டும் வகுப்பை முடிக்காதீர்கள். 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தபோது அவர் இருந்தது ஐ.நா. கதிரையில். உறுப்பு நாட்டு அரசைப் பெயர் சொல்லித் திட்டுவதற்கு அந்தக் கதிரை இடம் தராது. பிள்ளைகளுக்கு ஊசி போட அந்த அரசின் அனுமதி வேண்டும் என்பதும் உண்மை. 58இல் எழுதின கைக்கு இது எவ்வளவு பெரிய விலை, கொடுக்கத் தகுந்த விலைதானா என்று மாணவர்கள் சண்டை பிடிக்கட்டும். எனக்குத் தகுந்ததாகத்தான் படுகிறது, உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

அவர் 1993இல் காலமானார். நான் கேட்பது சிலையோ நினைவுப் பேருரையோ அல்ல. அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் முதலாம் ஆண்டுக்கே அந்தப் புத்தகத்திலிருந்து இரண்டு அத்தியாயங்களைச் சேருங்கள், சிங்களத்திலும் தமிழிலும் கையில் கிடைக்கிற மாதிரி. முடிந்தால் கொழும்பு, யாழ்ப்பாண மாணவர்களை ஒரே அறையில் இருத்திப் பாணந்துறைக் கதையைப் புதிதாக அறிக்கையிடச் சொல்லுங்கள். பயணச் செலவுக்குப் பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், பட்டறைகளுக்கு எப்படியும் ஒதுக்குகிறீர்கள்தானே.

இப்படிக்கு,
பழைய பத்திரிகைக்காரன் ஒருவன்