பத்து மீட்டர் கூடத்தின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்? மாவட்ட ரைபிள் கிளப்புகளின் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர்களுக்கும் காவல்துறை உயரதிகாரிகளுக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் ரைபிள் கிளப்பின் தலைவர் பொறுப்பு, நீங்கள் கேட்காமலேயே, பதவியோடு சேர்ந்து உங்களிடம் வந்துவிடுகிறது. சட்டம் ஒழுங்கு, நிலப் பிரச்சினை, மழை வெள்ளம், தேர்தல் என்று ஆயிரம் கோப்புகளுக்கு நடுவே கிளப்பின் கோப்பு ஆண்டுக்கு ஒரு முறை, பொதுக்குழு கூடும் நாளில் உங்கள் மேசைக்கு வந்தாலே பெரிது. அதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. தென்மாவட்டம் ஒன்றில் உறுப்பினராகவும், மாலை நேரங்களில் சுடும் இடத்தை மேற்பார்வையிடும் ரேஞ்ச் ஆபீசராகவும் இருப்பவன் என்ற முறையில் ஒரே ஒரு கோரிக்கையை மட்டும் முன்வைக்கிறேன். காற்றழுத்தத்தால் சிறு ஈயக் குண்டைச் சுடும் ஏர் ரைபிளுக்கான பத்து மீட்டர் கூடத்தைத் தோட்டாத் துப்பாக்கி ரேஞ்சின் நிர்வாகத்திலிருந்து பிரித்து, அதன் சாவியைப் பயிற்சி பெற்ற உறுப்பினர்களிடம் ஒப்படைத்து, குறித்த மாலைகளில் குறித்த நேரத்தில் எல்லோருக்கும், குறிப்பாக அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, திறந்துவிடுங்கள்.

இதற்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் இரண்டு வகைத் துப்பாக்கிகளையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. ஐம்பது மீட்டர் போட்டிகளில் பயன்படும், தோட்டா போட்டுச் சுடும் பாயின்ட் இருபத்திரண்டு (.22) ரைபிளுக்கு உரிமம் வேண்டும்; ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு வேண்டும்; பூட்டிய ஆயுதக் கிடங்கும் காவலும் வேண்டும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு உரிமமே தேவையில்லை; போட்டிக்கான ஏர் ரைபிளின் ஆற்றலோ அந்த வரம்பில் பாதியைக்கூட எட்டுவதில்லை. அப்படியிருக்க, எங்கள் கிளப்பில் இரண்டும் ஒரே கிடங்கில், ஒரே பதிவேட்டில், ஒரே பூட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. கிடங்குப் பொறுப்பிலுள்ள தலைமைக் காவலர் திருவிழா பந்தோபஸ்துக்குப் போய்விட்டால், பள்ளி முடிந்து சீருடையோடு வந்த பிள்ளைகள் வாசலில் காத்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவு, போட்டிக்குச் செல்லும் வீரர்களுக்கு விலக்களிக்க வழி இருந்தும், உரிமமே தேவைப்படாத ஏர் ரைபிளையும் வாரக்கணக்கில் முடக்கிப்போடுகிறது. நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று தேர்தல்கள் மாறி மாறி வரும் நாட்டில் இந்த விடுமுறைகள் ஒரு சிறுவனின் பயிற்சிக் காலத்தில் எவ்வளவைத் தின்றுவிடும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அந்தக் கூடத்துக்குள் நடப்பது என்னவென்று அருகில் நின்று பார்க்க உங்களில் பலருக்கு நேரம் வாய்த்திருக்காது. திறப்பு விழாவில் முதல் குண்டைச் சுட்டுவிட்டுக் கிளம்பியிருப்பீர்கள். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இலக்கு அட்டையின் நடுவில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். குண்டூசித் தலையைவிடச் சிறியது. சுடும் ஈயக் குண்டோ அதைவிட ஒன்பது மடங்கு அகலமானது. ஆகவே குண்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து. மின்னணு இலக்கில் அதையும் பத்தாகப் பிரித்து 10.9 வரை கணக்கிடுகிறார்கள். அறுபது குண்டுகள், எழுபத்தைந்து நிமிடங்கள், எட்ட முடிந்த உச்சம் 654. முன்பு பெண்களுக்கு நாற்பது குண்டுகளே இருந்தன. 2018 முதல் அவர்களுக்கும் அறுபதுதான். ரைபிள் ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். அதில் தொலைநோக்கி எதுவும் கிடையாது, துளை வழியே வட்டத்துக்குள் வட்டத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டும். அவ்வளவு எடையைக் கைத்தசையால் தாங்கினால் சில குண்டுகளிலேயே கை நடுங்கத் தொடங்கிவிடும் என்பதால், முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, எடையை எலும்பின் வழியே தரைக்கு இறக்கக் கற்றுக்கொடுக்கிறோம். தொடக்கத்தில் குண்டே போடாமல் விசையை மட்டும் அழுத்தும் பயிற்சிதான். விசை விழும் நொடியில் முனை அசைகிறதா என்று பார்ப்பதிலேயே மாலை கழிந்துவிடும். துப்பாக்கி என்றதும் துள்ளிக்கொண்டு வரும் பையன்களில் பாதிப்பேர் இந்தக் கட்டத்தில் அலுத்துப்போய் நின்றுவிடுகிறார்கள். அலுக்காமல் நிற்கும் பிள்ளைகளுக்காகத்தான் இந்த மடல்.

பாதுகாப்பைப் பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. சின்ன ரைபிள்தானே என்ற அலட்சியத்தை நானும் ஏற்பதில்லை. ஏர் ரைபிள் குண்டு கண்ணைப் பறிக்கக் கூடியது. ஆனால் அந்தப் பாதுகாப்பைத் தருவது பூட்டு அல்ல, நடைமுறை. சுடாத நேரமெல்லாம் குழலின் முழு நீளத்துக்கும் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிறு செருகப்பட்டிருக்க வேண்டும். குண்டு உள்ளே இல்லை என்பதை யாரும் கையில் எடுத்துப் பார்க்காமலேயே அறிய அதுவே வழி. முனை எப்போதும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும். 'லோட்', 'ஸ்டார்ட்', 'ஸ்டாப்', 'அன்லோட்' என்ற குரல்களை ரேஞ்ச் ஆபீசரைத் தவிர வேறு யாரும் எழுப்பக் கூடாது. அவர் சொல்லாமல் எவரும், மாவட்டத் தலைவரே ஆனாலும், சுடும் கோட்டைத் தாண்டக் கூடாது. ரேஞ்ச் ஆபீசர் இல்லாத மாலையில் கூடம் திறக்கவே கூடாது. பெரும்பாலும் யாரும் பேசாத இன்னொரு ஆபத்தும் உண்டு. இலக்குப் பெட்டியருகே ஈயத் தூள் படிகிறது. அதைத் துடைப்பத்தால் பெருக்கினால் காற்றில் பறந்து பிள்ளைகளின் மூச்சில் கலக்கும். ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். வெளியேறும் வழியில் சோப்பும் தண்ணீரும் இருக்க வேண்டும். கூடத்துக்குள் தின்பண்டம் கூடாது. ஆனால், சுடும் மேசையிலேயே தேநீரும் மிக்சரும் பரப்பி வைத்துக்கொண்டு மூத்த உறுப்பினர்கள் பேசிக்கொண்டிருக்கும் காட்சி எங்கள் கிளப்பில் புதிதல்ல. சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் கவனித்த அளவுக்கு இதை எந்த நிர்வாகமும் கவனித்ததில்லை.

செலவும் பெரிதல்ல. சுடுபவருக்கும் இலக்குக்கும் நடுவே பத்து மீட்டர், பின்னால் நிற்கவும் நடக்கவும் சிறிது இடம், ஒருவர் நின்று சுடும் ஒவ்வொரு லேனுக்கும் ஒரு மீட்டர் அகலம், இலக்கின் மேல் 1500 லக்ஸ் வெளிச்சம், பின்னால் குண்டைத் தாங்கும் இரும்புத் தகடு: ஓர் அரசுப் பள்ளியின் உணவுக்கூடம் போதுமானது. வெளிநாட்டுப் போட்டி ரைபிள் சில லட்சம் ரூபாய் என்பது உண்மைதான்; ஆனால் தொடங்குகிறவர்களுக்கு உள்நாட்டில் தயாராகும் பயிற்சி ரைபிள்களே போதும், அவற்றைக் கிளப்பே வாங்கி வைத்தால் வருகிற பிள்ளை வெறுங்கையோடு வரலாம். ரைபிளில் பொருத்தும் காற்று உருளைகளை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்ப ஒரு கம்ப்ரசர் வேண்டும். தயாரித்த நாளிலிருந்து பத்து ஆண்டு தாண்டிய உருளைகளை ஒதுக்கிவிட வேண்டும்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆயுள் உறுப்பினராகப் பெரிய தொகை கட்டிச் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் சுடும் கோட்டில் நின்று ஒரு குண்டும் சுட்டதில்லை. துப்பாக்கி உரிமத்துக்கான விண்ணப்பத்தோடு இணைக்க ஓர் அட்டையும், விசிட்டிங் கார்டில் போட ஒரு வரியும் அவர்களுக்குப் போதும். அவர்கள் தரும் பணம் கிளப்புக்கு உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் செயற்குழுவில் அவர்களே நிறைந்திருக்கும்போது, கூடம் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பது யாருக்கும் கேள்வியாக எழுவதில்லை. உங்களில் ஒருவர் அக்கறை எடுத்து ஓர் ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தால், அடுத்த இடமாற்றத்தோடு அதுவும் மாறிப் போகிறது. புதிதாக வருபவர் கிளப்பின் கோப்பைப் பார்ப்பதற்குள் ஒரு போட்டிப் பருவம் முடிந்துவிடுகிறது. எழுத்து வடிவில் ஒரு நிலையான உத்தரவை நான் கேட்பது இதனால்தான்.

2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டபோது ரேஞ்சைச் சுற்றித் திரண்ட கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கூட்டம் அவரைப் பார்க்க வந்ததே தவிர, ரைபிளைப் பார்க்க வந்ததல்ல. ஆனாலும் அதில் இருந்த சிறுவர் சிலராவது மறுநாள் தங்கள் ஊரில் இதை எங்கே கற்கலாம் என்று விசாரித்திருப்பார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ககன் நாரங் சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர். ஏர் ரைபிளில் உலகத் தரவரிசையின் முதலிடத்தைத் தொட்ட இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். நாரங் தொடங்கிய பயிற்சி மையத்தின் வழியே மேலே வந்தவர். குடும்பங்கள் இடம்பெயர்ந்ததுதான் காரணம், நம் கிளப்புகள் விரட்டியதால் அல்ல. அந்தப் பழியை யார் மீதும் சுமத்த மாட்டேன். ஆனால் கடலூரிலேயே தங்கிவிட்ட அதே வயதுப் பிள்ளைக்கு அன்று ஒரு கூடம் திறந்திருந்ததா என்று கேட்பதில் தவறில்லை. 2024 பாரிஸில் மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும் ஐம்பது மீட்டர் மூன்று நிலை ரைபிள் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே கோலாப்பூர் பக்கத்துக் கிராமத்துப் பையன். மகாராஷ்டிர அரசின் விளையாட்டுத் திட்டத்தில் சேர்ந்து துப்பாக்கியைப் பிடித்தவர், பின்பு ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். அரசு மனம் வைத்தால் இது வசதி படைத்தவர்களின் விளையாட்டாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

ஆறு மாதச் சோதனையாக மட்டும் இதைச் செய்து பாருங்கள். வாரத்தில் மூன்று மாலைகள், ஐந்தரை முதல் எட்டு வரை, கூடம் திறந்திருக்கும் என்று கிளப்பின் வாசலிலும் பள்ளிகளிலும் அறிவிப்பு ஒட்டச் சொல்லுங்கள். ஏர் ரைபிள்களைக் கூடத்திலேயே பூட்டி வைக்க ஓர் இரும்பு அலமாரியும், உறுப்பினர் மூவரின் பெயரில் சாவியும் தாருங்கள். பாயின்ட் இருபத்திரண்டு எப்போதும் போல ஆயுதக் கிடங்கிலேயே இருக்கட்டும். முறைவைத்து ரேஞ்ச் ஆபீசராக நிற்க ஊதியம் கேட்காத ஆட்கள் எங்களிடம் இருக்கிறார்கள். வந்தவர் பெயர், சுட்ட குண்டுகள், எடுத்த புள்ளிகள், நேர்ந்த சிறு தவறுகள் உட்பட முழுப் பதிவேட்டையும் ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் உங்கள் அலுவலகத்தில் சேர்ப்பிக்கிறோம். அதில் உங்களுக்குத் திருப்தியில்லை என்றால் சாவியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மாவட்ட ரைபிள் கிளப் ஒன்றின் உறுப்பினர்