திடப்படுத்தலுக்குப் பிறகு யார் துணை? சேகர கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகரத் தலைவர் ஐயா அவர்களுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள்.

நம் சபையில் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்து, தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடுகிற சடங்கு) பெறுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் சபையில் மூத்த ஒருவரை வழிகாட்டியாக ஏற்படுத்தித் தர வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நம் சபைகளை நிர்வகிக்கிற சேகர கமிட்டிக்குத் தனியாக மனு கொடுத்திருக்கலாம். ஆனால் இது எல்லா வீட்டுக்கும் உரிய காரியம், எல்லாரும் வாசிக்கட்டும்.

திடப்படுத்தல் வரைக்கும் பிள்ளைகளை நன்றாகவே கவனிக்கிறோம். ஓய்வுநாள் பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, வசனப் போட்டி, அப்புறம் திடப்படுத்தல் வகுப்பில் விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனை. பேராயர் வந்து தலையில் கை வைத்து ஜெபிக்கிறார். வெள்ளைச் சேலையிலும் வெள்ளைச் சட்டையிலும் பிள்ளைகள் முதல் நற்கருணை எடுக்கிறார்கள். ஆல்டர் முன்னால் குரூப் போட்டோ. அதோடு சரி. கொஞ்ச நாளில் பையன்கள் பலர் பிரசங்க நேரத்தில் வெளியே வேப்பமரத்தடியில் பைக்கில் சாய்ந்து நிற்கிறார்கள். பிறகு கல்லூரி, சென்னை, பெங்களூர், துபாய். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறவனிடம் நாம் கேட்பது இரண்டே கேள்விதான்: "எப்பம் வந்தே? எப்பம் போறே?"

வாலிபர் ஐக்கிய சங்கம் இருக்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல வேலையும் செய்கிறது. கேரல் ரவுண்ட்ஸும் விளையாட்டுப் போட்டியும் தொடர்ந்து நடக்கட்டும். ஆனால் அரியர் விழுந்ததை வீட்டில் சொல்ல முடியாமல் தவிக்கிறவன், நீட் மறுபடியும் கைநழுவிப் போனவள், நண்பர்களோடு குடிக்கத் தொடங்கி இப்போது விட முடியாமல் இருக்கிறவன், வேறு சாதியில் ஒருவரை விரும்புகிறவள், இவர்கள் யாரும் கூட்டத்தில் எழுந்து நின்று பேச மாட்டார்கள். இவர்களுக்குத் தேவை, பேர் சொல்லிக் கூப்பிட்டு, உட்கார வைத்து, முழுசாகக் கேட்கிற ஓர் ஆள்.

இப்படிப்பட்ட இடத்தில் வேதத்தில் வரும் அப்போஸ்தலன் பவுலையும் அவர் வளர்த்த வாலிபனான தீமோத்தேயுவையும் சொல்வது வழக்கம். எனக்குப் பவுலோடு ஊழியம் செய்த பர்னபாதான் நினைவுக்கு வருகிறார். ஊழியப் பயணத்தில் பம்பிலியா நாட்டில் பாதியில் விட்டுப்போன மாற்கு என்ற வாலிபனை இனி அழைத்துப்போக முடியாது என்று பவுல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பர்னபாவோ பவுலையே பிரிந்து, மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புருதீவுக்குக் கப்பல் ஏறினார். கடைசிக் காலத்தில் அதே பவுல், மாற்கு ஊழியத்தில் தனக்குப் பிரயோஜனமானவன், கூட்டிக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். தவறிய ஒரு வாலிபனை விட்டுவிடாத ஒரு மனிதர் இருந்ததால் நடந்தது இது.

நம் வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான அசரியா, 1910-ல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் மேல்நாட்டாரைப் பார்த்து, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். பீஸ் கட்டி, பைக் வாங்கிக் கொடுத்து, கல்யாணமும் பண்ணி வைக்கிற நம்மைப் பார்த்து நம் பிள்ளைகளும் இதையே கேட்கலாம்.

யாரை வழிகாட்டியாக வைப்பது என்பதில் ஒரு வேண்டுகோள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், டாக்டர், இன்ஜினியர் என்று மட்டும் பட்டியல் போட்டுவிடாதீர்கள். லாரி ஓட்டுகிறவரிடமும், தையல் மெஷினை மிதித்துத் தனியாகப் பிள்ளைகளை வளர்த்த அக்காவிடமும் ஒரு வாலிபப் பிள்ளை கற்றுக்கொள்ள நிறைய உண்டு. சபைத் தேர்தலில் யார் எந்த அணி என்று பார்க்கக் கூடாது. சொந்தக்காரருக்குள்ளும் ஒரே சாதிக்குள்ளும் இணைத்துவிட்டுத் திருப்திப்படவும் கூடாது. ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுக்கிற நாம் இதிலாவது அந்த எல்லையைத் தாண்டலாம். பெண்பிள்ளைகளுக்குப் பெண்களே இருக்கட்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அதற்குத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம், வாய். பிள்ளை நம்பிச் சொன்னது வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஜெபக் குறிப்பாக வந்துவிடுகிறது. "பேர் சொல்ல விரும்பல, ஒரு தம்பிக்காக ஜெபிக்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். ஆமென் சொல்லி எழுந்திரிக்கும் முன்னே யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்தத் தம்பி அதற்கப்புறம் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டான். ஆகவே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று வழிகாட்டிகள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு விலக்கு உண்டு: பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது தவறாக நடந்துகொண்டதாகத் தெரிந்தாலோ மூடி வைக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் மேல் நடக்கும் பாலியல் குற்றத்தைத் தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். சபையின் பேர் கெட்டுவிடும் என்று பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. 1098 என்ற சிறுவர் உதவி எண்ணைக் கோயில் வாசலிலேயே எழுதி வைக்கலாம்.

அதே காரணத்துக்காக, வழிகாட்டியும் பிள்ளையும் சந்திப்பது கோயில் வளாகத்தில், நாலு பேர் பார்வை படுகிற இடத்தில் இருக்க வேண்டும். பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்றால் காரணம் கேட்காமல் வேறு ஒருவரை மாற்றித் தர வேண்டும்.

பெரிய துவக்க விழா, பேனர் எதுவும் வேண்டாம். இந்த வருஷம் திடப்படுத்தல் பெறுகிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு வருஷம் செய்து பார்ப்போம். மாதம் இரண்டு சந்திப்பு, வெளியூர் போய்விட்டால் வாரம் ஒரு போன். பணச் செலவு என்று பார்த்தால் டீச் செலவுதான். கோயில் விருந்தான அசனத்துக்கு எந்த வீட்டில் எத்தனை பேர் என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கிற நமக்கு இது முடியாத வேலை இல்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசி, உண்டா இல்லையா என்று ஞாயிறு ஆராதனை அறிவிப்பில் சொல்லுங்கள். உண்டு என்றால், வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கேட்டுப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
சபை அங்கத்தினர் ஒருவர்